ஆயிரம் முறை அடித்தால் ஷாட் வந்துவிடுமா?

கோடை விடுமுறையில் எந்த ஊர் மைதானத்துக்குப் போனாலும் ஒரு கிரிக்கெட் கோச்சிங் கேம்ப் நடந்துகொண்டிருக்கும். நெட்டுக்குள் பத்து வயதுப் பையன் பேட்டோடு நிற்பான். கோச் எதிரே மண்டியிட்டு, ஒரே இடத்தில் பந்தைத் தட்டித் தட்டிப் போடுவார். பையன் கவர் டிரைவ் அடிப்பான். மறுபடி அதே பந்து, மறுபடி அதே டிரைவ். வெளியே நிற்கும் அப்பாக்களில் ஒருவர் பக்கத்திலிருப்பவருக்கு விளக்கம் சொல்வார்: "ஆயிரம் தடவை அடிச்சா மசில் மெமரி ஆயிடும் சார். அப்புறம் மேட்ச்ல தானா வரும்."

இந்தப் பேச்சுக்குள் மூன்று நம்பிக்கைகள் இருக்கின்றன. திறமை தசையில் பதிகிறது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் ஆழமாகப் பதிகிறது. பதிந்தது மேட்சில் அப்படியே வெளியே வருகிறது. பயிற்சி வேண்டும் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் எது பதிகிறது, எப்படிப் பதிகிறது என்ற இடத்தில் மூன்றுமே வழி தவறுகின்றன. நஷ்டம் நெட்டுக்குள் நிற்கும் பையனுக்குத்தான். இங்கே கிரிக்கெட்டை வைத்தே பேசுகிறேன்; கபடிக்கும் வாலிபாலுக்கும் பேட்மின்டனுக்கும் விஷயம் இதேதான்.

தசைக்கு ஞாபகம் கிடையாது

நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் சிக்குக் கோலம் போட்டுப் பழகிய ஒருவர், மார்கழியில் அதே கோலத்தை வாசலில் போடுகிறார். நோட்டில் வேலை செய்தவை விரலும் மணிக்கட்டும். வாசலிலோ இடுப்பை வளைத்து, காலை நகர்த்திக்கொண்டே, தோளிலிருந்து கையைச் சுழற்ற வேண்டும். விரலிடுக்கில் மாவு எவ்வளவு நழுவுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். முதல் நாள் கோடு தடித்தும் மெலிந்தும் வரலாம். ஆனாலும் எந்தப் புள்ளியை எந்தப் பக்கமாகச் சுற்றுவது, எங்கே திரும்புவது என்பதெல்லாம் பிசகாமல் வருகிறது. வளைவின் சாயல்கூட அவருடையதாகவே இருக்கிறது. கோலம் விரல் தசையில்தான் பதிந்திருந்தது என்றால் தோளுக்கு அது எப்படித் தெரிந்தது?

பதிந்திருப்பது நரம்பு மண்டலத்தில், அதிலும் முக்கியமாக மூளையில். உத்தரவை நிறைவேற்றும் இடம்தான் தசை. பயிற்சியால் அது வலுப்பெறும், களைப்பைத் தாங்கும். அது வேறு கணக்கு.

அந்தப் பதிவும் நாம் வழக்கமாக ஞாபகம் என்று சொல்வதைப் போன்றதல்ல. ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர் 1953-இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதற்குப் பிறகு புதிதாக நடந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். இரட்டைக் கோட்டால் வரைந்த நட்சத்திரம் ஒன்று. அந்த இரு கோடுகளுக்கு நடுவே, தன் கையை நேராகப் பார்க்காமல் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துப் பென்சிலை ஓட்ட வேண்டும். வேண்டுமானால் வீட்டில் செய்து பாருங்கள், முதல் மூலையிலேயே கை திகைத்து நின்றுவிடும். மொலைசனும் முதலில் தடுமாறினார். அடுத்தடுத்த நாள்களில் தப்பு குறைந்துகொண்டே வந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் அவரைப் பொறுத்தவரை அது புது வேலை; முன்பு செய்ததாக நினைவே இல்லை.

ஒன்றைச் செய்யத் தெரிவதற்கும், செய்ததைச் சொல்லத் தெரிவதற்கும் மூளையில் தனித்தனி ஏற்பாடு இருக்கிறது என்பது இதிலிருந்து தெளிவானது. பெரிய ஆட்டக்காரரிடம் "அந்த ஷாட்டை எப்படி அடிச்சீங்க?" என்று கேட்டால், வரும் பதிலில் நமக்கு உபயோகமாக ஒன்றும் இல்லாமல் போவது இதனாலும்தான்.

சரி, சொல்லத் தெரியாததை மூளை எப்படிக் கற்கிறது? ஒவ்வோர் அசைவுக்கும் முன்னால், இப்படிச் செய்தால் இன்னது நடக்கும் என்று மூளை ஓர் எதிர்பார்ப்பை வைத்துக்கொள்கிறது. அசைந்த பிறகு என்ன நடந்தது என்று கண், தோல், மூட்டு, தசை எல்லாம் தகவல் அனுப்புகின்றன. எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்துக்குப் பிழைச் சமிக்ஞை என்று பெயர். அதைக் கொண்டு அடுத்த முயற்சியைத் திருத்துவதில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு உண்டு. பிழையே இல்லாவிட்டால் திருத்துவதற்கும் ஒன்றும் இல்லை. நூறு பந்தையும் சுகமாக அடித்துவிட்டு வெளியே வரும் பையன் அன்றைக்குப் புதிதாக என்ன கற்றிருப்பான்?

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: திறமை இருப்பது நரம்பு மண்டலத்தில், அதுவும் வார்த்தையாக இல்லை. எதிர்பார்ப்பு பொய்க்கும்போதெல்லாம் அது கொஞ்சம் திருத்தப்படுகிறது.

சுத்தியல் ஒரே இடத்தில் விழும், கை ஒவ்வொரு முறையும் வேறு வழியில் போகும்

அடுத்தது, ஒரே அசைவை அச்சடித்தாற்போல் திரும்பச் செய்வதுதான் திறமை என்ற நம்பிக்கை. இதை உடைத்தவர் நிக்கோலாய் பெர்ன்ஸ்டீன் என்ற ரஷ்ய உடலியல் அறிஞர். 1920-களில் மாஸ்கோவில் தொழிலாளர்களின் அசைவுகளை ஆராய்ந்த ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தார். சுத்தியலால் உளியை அடிப்பவர்களின் கை மூட்டுகளில் சிறிய மின்விளக்குகளைக் கட்டிவிட்டு, அந்த வெளிச்சப் புள்ளிகள் போன தடத்தைப் படமெடுத்து அளந்தார்.

வாழ்க்கை முழுக்க அதே அடியை அடித்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் ஒவ்வோர் அடியிலும் ஒரே மாதிரி அசையும் என்றுதான் யாரும் நினைப்போம். படத்தில் தெரிந்தது வேறு. சுத்தியலின் முனை கிட்டத்தட்ட ஒரே பாதையில் வந்து இறங்கியது. ஆனால் மூட்டுகள் ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் வேறு மாதிரி அசைந்தன. தோளில் நேர்ந்த சின்ன வித்தியாசத்தை முழங்கை ஈடுகட்டியது, முழங்கையில் நேர்ந்ததை மணிக்கட்டு. இலக்கு நிலையாக இருக்க வேண்டும் என்பதற்காக வழி மாறிக்கொண்டே இருந்தது.

ஏன் அப்படி? உடம்பில் அசையக்கூடிய மூட்டுகள் ஏராளம், தசைகள் அதைவிட அதிகம். ஓர் இலக்கை எட்ட எண்ண முடியாத அளவு வழிகள் இருக்கின்றன. போதாக்குறைக்கு, ஒவ்வொரு முறையும் தொடங்கும் நிலையும் ஒன்றாக இருப்பதில்லை. களைப்பு ஏறியிருக்கும், கால் ஓர் அங்குலம் தள்ளி நிற்கும், பிடி கொஞ்சம் நழுவியிருக்கும். அதனால் மூளை ஒவ்வொரு தடவையும் கணக்கைப் புதிதாகப் போட வேண்டியிருக்கிறது. பழகப் பழக அந்தக் கணக்கைப் போடும் வேகம் கூடுகிறது.

இப்போது இயக்கத் திறன் என்பதற்கு ஒரு விளக்கம் சொல்லிவிடலாம்: சூழ்நிலை மாறினாலும் நினைத்த விளைவை உடம்பால் வரவழைக்கும் ஆற்றல். இதில் 'சூழ்நிலை மாறினாலும்' என்பதைத்தான் நம் கேம்ப்களில் பலர் விட்டுவிடுகிறார்கள்.

புதிதாக பேட் பிடிக்கும் குழந்தையைக் கவனியுங்கள். முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு எல்லாவற்றையும் விறைப்பாக வைத்துக்கொண்டு மொத்த உடம்பையும் ஒரே கட்டையாகத் திருப்பும். "லூசா விடுடா" என்று கோச் கத்துவார். பெர்ன்ஸ்டீன் பார்வையில் அது ஒரு நல்ல ஏற்பாடு. சமாளிக்க வேண்டிய மூட்டுகள் நிறைய இருப்பதால், சிலவற்றை இறுக்கிவிட்டு மீதியை மட்டும் குழந்தை கவனிக்கிறது. பந்து பேட்டில் படப் பட இறுக்கம் தானாகத் தளரும். கத்துவதால் அது சீக்கிரம் நடந்துவிடாது.

இங்கே 10,000 மணி நேரக் கதையையும் தொட்டுவிடுகிறேன், எப்படியும் யாராவது கேட்பார்கள். அந்த எண் 1993-இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து கிளம்பியது. பெர்லினில் வயலின் படித்த மாணவர்களில் மிகச் சிறந்தவர்கள், இருபது வயதுக்குள் தனியாகச் செய்திருந்த பயிற்சியின் சராசரி அது. அத்தனை மணி நேரம் செய்தால் யாரும் மேதை ஆகிவிடலாம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

அரை விநாடியில் கண்ணுக்கு என்ன வேலை

மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, கையிலிருந்து விடுபட்டு பேட்டை எட்ட ஏறக்குறைய அரை விநாடிதான் ஆகும். கண்ணில் பட்டதற்கு உடம்பு அசையத் தொடங்கவே அதில் 0.2 விநாடி அளவு போய்விடும். காலை நகர்த்தி பேட்டை இறக்கவும் நேரம் வேண்டும். பந்தைக் கடைசிவரை பார்த்துவிட்டு முடிவெடுக்க வழியே இல்லை.

நல்ல பேட்ஸ்மேன் பந்து வருவதற்கு முன்பே படிக்கத் தொடங்கிவிடுகிறார். பந்து கையை விட்டு விடுபடும் கணத்திலேயே காட்சியை மறைத்துவிட்டு 'என்ன பந்து வரும்?' என்று கேட்கும் சோதனைகளை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நிறையச் செய்திருக்கிறார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்கள் பௌலரின் கையையும் தோளையும் பார்த்தே ஓரளவு சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். புதியவர்களுக்கு அது பிடிபடுவதில்லை. 2000-இல் வந்த இன்னோர் ஆய்வில் பேட்ஸ்மேன்களின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்து அளந்தார்கள். பந்து விடுபடும் இடத்தைப் பார்த்த கண், பந்தைக் கூடவே பின்தொடர்வதை விட்டுவிட்டு, அது பிட்ச் ஆகப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவிவிடுகிறது. ஆட்டக்காரர் எவ்வளவு தேர்ந்தவரோ அவ்வளவு சீக்கிரம் அந்தத் தாவல்.

அப்படியென்றால் பார்ப்பதும் ஷாட்டின் ஒரு பகுதி. பௌலிங் மெஷினில் மட்டுமே வளரும் பையனுக்கு இந்தப் பகுதி கிடைப்பதில்லை. மெஷினுக்குத் தோளும் இல்லை, மணிக்கட்டும் இல்லை. மெஷினை ஆடும்போதும் மனிதர் போடும் பந்தை ஆடும்போதும் கால் நகரும் நேரமும் பேட் எழும் நேரமும் மாறுகின்றன என்பதையும் அளந்து காட்டியிருக்கிறார்கள். அதற்காக மெஷினை மூலையில் போட வேண்டியதில்லை. லட்சக்கணக்கில் பணம் போட்டு மெஷின் வாங்கிய அகாடமி, அதை நாள் முழுக்க ஓட்டி அதையே விளம்பரமும் செய்வதுதான் எனக்கு உறுத்துகிறது. பையனுக்கு ஓடி வரும் ஓர் ஆள் வேண்டும். கொஞ்சம் மோசமாகப் போடும் ஆளாக இருந்தாலும் பரவாயில்லை.

நெட்டில் நன்றாக ஆடுவது வேறு, கற்றுக்கொள்வது வேறு

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். பயிற்சியின்போது கண்ணுக்குத் தெரியும் ஆட்டத்தை 'செயல்பாடு' என்று வைத்துக்கொள்வோம். சில நாள் கழித்து, வேறு சூழ்நிலையிலும் மிஞ்சி நிற்பது 'கற்றல்'. இரண்டும் பல சமயம் எதிரெதிர்த் திசையில் போகின்றன.

1994-இல் அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் ஆட்டக்காரர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. வழக்கமான பயிற்சியோடு வாரம் இருமுறை கூடுதலாக 45 பந்துகள்: வேகப்பந்து 15, வளையும் பந்து 15, வேகம் குறைத்துப் போடும் பந்து 15. ஒரு குழுவுக்கு ஒரே வகையாக முதலில் 15, அடுத்து 15 என்று வரிசையாகப் போட்டார்கள். இன்னொரு குழுவுக்கு மூன்றையும் கலந்து, எது வரும் என்று தெரியாதபடி போட்டார்கள். ஆறு வாரம் கழித்து வைத்த தேர்வில் கலந்து ஆடியவர்கள் தெளிவாக முன்னே இருந்தார்கள்.

காரணம் முன்பே பார்த்ததுதான். ஒரே பந்து பதினைந்து தடவை வரும்போது மூளை முதல் இரண்டு மூன்று பந்தில் கணக்கைப் போட்டுவிட்டு, மீதிக்கு அதே விடையை எழுதிக்கொண்டிருக்கும். பந்து மாறிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு முறையும் பழைய விடையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். பயிற்சியில் அது அசிங்கமாகத் தெரியும், நிறைய பந்து தப்பும். கற்றல் நடப்பது அந்தத் தப்பும் பந்துகளில்தான். இப்படிக் கலந்து பழகுவதைக் கலப்புப் பயிற்சி என்று சொல்லலாம்.

ஏமாற்றுவது நம் மனம்தான். பிரிட்டிஷ் தபால் துறை ஊழியர்கள் தட்டச்சுப் பலகை பழகியதைப் பற்றி 1978-இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு குழு நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பழகியது. இன்னொரு குழு காலையில் இரண்டு, பிற்பகலில் இரண்டு என நாலு மணி நேரம். ஒரு மணி நேரக்காரர்கள் மொத்தத்தில் குறைந்த மணி நேரத்திலேயே வேலையைக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் தங்கள் பயிற்சி முறையைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டதும் அவர்கள்தான். நாள்கணக்கில் பார்த்தால் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருப்பதாக அவர்களுக்குத் தோன்றியது. சம்மர் கேம்ப்பில் காலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை பிள்ளையை வறுத்தெடுத்தால்தான் கொடுத்த ஃபீஸுக்கு நியாயம் என்று நினைக்கும் பெற்றோர் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

ஆக, பையன் தேறியிருக்கிறானா என்று பயிற்சி முடிந்த நிமிடத்தில் பார்த்துப் பயனில்லை. இரண்டு நாள் இடைவெளி விட்டு, வேறு பௌலரை வைத்து, முன்னறிவிப்பு எதுவும் சொல்லாமல் முதல் ஆறு பந்தை எப்படி ஆடுகிறான் என்று பார்க்க வேண்டும்.

கோச் என்ன செய்யலாம்

முதலில் வாயைக் கொஞ்சம் மூட வேண்டும். "எல்போவ மேல வை, தலைய ஆட்டாத, முன்னங்கால பந்துகிட்ட போடு, கையை இறுக்காத" என்று ஒரே மூச்சில் நாலு கட்டளை கேட்ட பையன், அடுத்த பந்தில் எல்லாவற்றையும் ஒருசேர நினைக்கப் பார்த்து எதையும் செய்ய முடியாமல் நிற்பதை எந்த நெட்டிலும் காணலாம். 1992-இல் ரிச் மாஸ்டர்ஸ் என்ற ஆய்வாளர் கோல்ஃப் பந்தைக் குழிக்குள் தள்ளக் கற்றவர்களை ஒப்பிட்டார். நிறைய விதிகள் சொல்லிக்கொடுக்கப்பட்டவர்கள் நெருக்கடி வந்ததும் தடுமாறினார்கள். இன்னொரு குழுவுக்கு விதியே சொல்லவில்லை. கற்கும்போது வாயால் எழுத்துகளைத் தாறுமாறாகச் சொல்ல வைத்து, யோசிக்கவே விடாமல் செய்திருந்தார்கள். அவர்கள் நெருக்கடியைத் தாங்கினார்கள். கையில் விதிப்பட்டியல் இருப்பவர் பதற்றத்தில் அதை எடுத்துப் படிக்க ஆரம்பிக்கிறார், தானாக ஓடிக்கொண்டிருந்த அசைவு அங்கே சிக்கிக்கொள்கிறது.

சொல்லியே ஆக வேண்டும் என்றால், உடம்பைப் பற்றிச் சொல்வதைவிட விளைவைப் பற்றிச் சொல்வது மேல். காப்ரியேலே வுல்ஃப் என்பவரும் சக ஆய்வாளர்களும் பனிச்சறுக்கு போன்ற ஒரு கருவியில் இதைச் சோதித்து 1998-இல் வெளியிட்டார்கள். 'உன் பாதத்தைக் கவனி' என்று கேட்டவர்களைவிட, 'பாதத்துக்குக் கீழே இருக்கும் சக்கரத்தைக் கவனி' என்று கேட்டவர்கள் நன்றாகக் கற்றார்கள். இரண்டுக்கும் இடைவெளி சில அங்குலம்தான். நெட்டிலும் "முழங்கையைத் தூக்கு" என்பதற்குப் பதில் "அந்த இரண்டு கோனுக்கு நடுவில் தரையோடு போகட்டும்" என்று சொல்லிப் பார்க்கலாம். முழங்கை எவ்வளவு எழ வேண்டுமோ அவ்வளவு எழும்.

ஒவ்வொரு பந்துக்கும் தீர்ப்பு சொல்வதையும் குறைக்கலாம். எப்போதும் வெளியிலிருந்தே விடை வந்துகொண்டிருந்தால், பையன் தன் உடம்பு அனுப்பும் தகவலைக் கேட்பதை விட்டுவிடுவான். அடித்துவிட்டு உடனே கோச் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் பையனுக்கு இந்தப் பழக்கம் ஏற்கனவே வந்துவிட்டது. நாலைந்து பந்துக்கு ஒருமுறை, அதுவும் "உனக்கு எப்படிப் பட்டது?" என்று கேட்டுவிட்டுப் பேசினால் போதும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை, கணக்கை மாற்றிக் கொடுப்பது. ஆள், சூழல், விதி இவற்றில் ஏதாவது ஒன்றை மாற்றினால் உடம்பு புது வழி தேடும். இப்படி வேண்டுமென்றே வைக்கும் மாற்றத்துக்குக் கட்டுப்பாடு என்று பெயர். சிறுவன் டான் பிராட்மேன் ஆஸ்திரேலியாவின் பௌரல் என்ற ஊரில் தன் வீட்டுப் பின்புறம், தண்ணீர்த் தொட்டியின் வளைந்த செங்கல் அடித்தளத்தில் கோல்ஃப் பந்தை எறிந்து, திரும்பி வருவதை ஒரு ஸ்டம்பால் அடித்துப் பழகியது ஊரறிந்த கதை. பந்து சிறிது, அடிக்கும் கட்டை மெலிது, திரும்பி வரும் திசை தெரியாது. அருமையான கட்டுப்பாடு, அதை வகுத்துக்கொடுக்க ஒரு கோச்கூட அங்கே இல்லை. ஜஸ்பிரித் பும்ராவின் கதை இன்னும் பிடிக்கும். அம்மா மதியம் தூங்கும் நேரத்தில் வீட்டுக்குள் பந்து போட வேண்டும், சத்தமும் வரக்கூடாது. சுவரும் தரையும் சேரும் விளிம்பில் சரியாகப் பட்டால் சத்தம் குறைவு என்று கண்டுபிடித்து அங்கேயே குறிவைத்துப் போட்டார். பந்து எங்கே விழ வேண்டும் என்பதை மட்டும் வீடு சொன்னது, கையை எப்படி வீசுவது என்பதை உடம்பு தேடிக்கொண்டது. அந்த விசித்திரமான ஆக்‌ஷனைச் சின்ன வயதிலேயே யாராவது பாடப்புத்தகம் பார்த்துத் 'திருத்தி'யிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கேம்ப்பில் இதைச் செய்யப் பெரிய செலவு இல்லை. ஆஃப் சைடில் ஆளே நிறுத்தாமல் அங்கே அடித்தால் இரண்டு ரன் என்று விதி வைக்கலாம். பிட்ச்சை இரண்டு அடி குறைக்கலாம். ஒரு ஓவரில் டென்னிஸ் பந்தையும் லெதர் பந்தையும் மாற்றி மாற்றிப் போடலாம். தெருவில் விளையாடும் பிள்ளைகளுக்கு இவை எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன: குறுகிய சந்து, எதிர் வீட்டு ஜன்னல், ஒன் பிட்ச் கேட்ச். நம் அகாடமிகள் முதல் வேலையாகத் தெரு கிரிக்கெட்டை நிறுத்தச் சொல்வது எனக்குப் புரிவதே இல்லை.

ஒரே மாதிரிப் பயிற்சிக்கும் இடம் உண்டு

இதைப் படித்துவிட்டு நாளைக்கே எல்லாவற்றையும் கலக்கிவிட வேண்டாம். முதல் வாரம் பேட் பிடிக்கும் குழந்தைக்கு மூன்று வகைப் பந்தையும் கலந்து போட்டால் ஒன்றும் பிடிபடாது. பந்து பேட்டில் படும் சந்தோஷம் கிடைக்கும் வரை ஒரே இடத்தில் தட்டிப் போடுவதுதான் சரி. பத்துப் பந்தில் ஆறேழு சரியாகப் பட்டால் கொஞ்சம் கடினமாக்கலாம் என்பது நான் வைத்திருக்கும் உத்தேச அளவு. பந்தைக் கண்டு பயப்படும் பிள்ளைக்கு முதலில் பயம் போக வேண்டும், கற்றல் அதற்குப் பிறகு. மேட்சுக்கு முந்தின நாள் மாலை, ஆட்டக்காரர் கேட்டால், பிடித்த ஷாட்டைப் பத்து நிமிடம் சுகமாக அடிக்க விடுவதிலும் தப்பில்லை. கற்றல் அதனால் கூடிவிடாது, மனசுக்குத் தெம்பு.

வேகப்பந்து வீசும் பதின்ம வயதினர் விஷயத்தில் மட்டும் எண்ணிக்கையைக் கூட்டவே கூடாது. வளரும் முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் அழுத்தத்தால் விரிசல் விழுவது அவர்களிடம் அடிக்கடி காணப்படும் காயம். வாரத்துக்கு இத்தனை பந்து என்று வயதுவாரியாக வரம்பு வைப்பது அதனால்தான். வரம்பு முடிந்தபின் மீதி நேரத்தை ஓடி வராமல் நின்ற இடத்திலிருந்து டென்னிஸ் பந்தில் குறிபார்க்க விடலாம். ஒரு ஷூவை யார்க்கர் விழும் இடத்தில், அதாவது பேட்ஸ்மேனின் காலடியில் வைத்து, நாலு பந்துக்கு ஒருமுறை அதை நகர்த்தி வைத்துக்கொண்டே இருங்கள்.